தாண்டவராயன் தரிசு போட்டால் விலை ஏறும்

கூட்டேரிப்பட்டிலிருந்து மயிலம் போகிற ரோட்டோரத்தில் தாண்டவராயனுக்கு ஒன்றரை ஏக்கர் கொல்லை உண்டு. அதில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைத்த வருசம் மல்லாட்டை விலை இறங்கிவிடும். கோரை மண்டித் தரிசாகக் கிடந்த வருசம் விலை ஏறிவிடும். ஆறு வருசமாக இது ஒரு தடவைகூடத் தப்பவில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. மனிதர் சாது. திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டையை இறக்கி வைத்து, அடிமாட்டு விலை கேட்டாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, கொல்லையோடு கோபித்துக்கொள்வார். அடுத்த வருசம் உழவு கிடையாது. அவரைப் போலவே சுற்றுப்பட்டில் நூறு பேர் கோபித்துக்கொண்டிருப்பார்கள். சரக்கு குறைந்து விலை ஏறும். ஏறிய விலையைக் கேட்டு, மறு வருசம் கோபம் தணிந்து எல்லோரும் விதைப்பார்கள். விலை படுத்துவிடும். ஆனால் பஸ்ஸில் போகிறவர் கண்ணில் படுவது தாண்டவராயன் கொல்லைதானே, பேர் அவருக்கு வந்துவிட்டது.

தரிசு போட்ட வருசமெல்லாம் பாடு அவர் மனைவி தையல்நாயகிக்கு. சொந்தக் கொல்லையில் களை ஆளுயரம் நிற்க, அடுத்தவர் கொல்லையில் கூலிக்குக் களை வெட்டுவாள். போன வருசம் வெட்டியது பக்கத்துக் கொல்லை ராஜாங்கத்துக்கு. அந்த மல்லாட்டை நல்ல விலைக்குப் போய், ராஜாங்கம் வீட்டுக்கு இரும்பு கேட் போட்டான். அந்த கேட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு இடுப்பு வலிக்கும். இந்த மார்கழியில் விதைத்தே தீருவது என்று, விதை மல்லாட்டையை உடைத்துத் தயாராக வைத்திருந்தாள்.

அப்போதுதான் ராஜாங்கம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். பெண் கேட்க வருகிற மாதிரி இருந்தது. இந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமாகி மூன்று வருசம் ஆகிறது.

"மாமா, நாங்கல்லாம் வெதைச்சிட்டோம்" என்றான் ராஜாங்கம். "நீங்க மட்டும் இந்த வருசமும் தரிசு போட்டுடுங்க. புண்ணியமாப் போவும்."

பதிலுக்குப் பத்து நாள் அந்தக் கொல்லையில் தங்கள் செலவிலேயே ஆட்டுக்கிடை போட்டுத் தருவதாகவும் சொன்னார்கள். ஆடுகள் படுத்தெழுந்த எரு மண்ணுக்கு நல்லதாம். இல்லை என்று சொல்லத் தாண்டவராயனுக்கு வாய் வராது. முருகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

"நம்ம ஒன்ற ஏக்கராவா ஊருக்கே வெல வைக்குது?" என்றாள் தையல்நாயகி. "இன்னொரு வருசம் அந்த ராஜாங்கம் கொல்லையில நான் குனிய மாட்டேன். உங்க முருகன்கிட்ட அதையும் சேத்துச் சொல்லுங்க."

கிருத்திகையன்று மயிலம் மலைக்குப் போனார்கள். ராஜாங்கமும் சாட்சிக்கு வந்தான். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். சந்நிதியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் தரிசு, சிவப்பு வந்தால் விதைப்பு. பொட்டலங்களைத் தாண்டவராயனே விடியற்காலையில் குளித்துவிட்டுக் கட்டியிருந்தார்.

சாமி கும்பிட வந்த ஒரு சின்னப் பெண் எடுத்துக் கொடுத்தாள். பிரித்தால் உள்ளே வெள்ளையும் இருந்தது, சிவப்பும் இருந்தது. ராஜாங்கம் அவசரமாக அடுத்ததைப் பிரித்தான். அதிலும் அப்படியே. எல்லோரும் தாண்டவராயனைப் பார்த்தார்கள்.

"சாமியப் போயி எதுக்குப் பேஜாருல மாட்டி வுடறது" என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு. "வெள்ளைய எடுத்தா இவ மூஞ்சி சுண்டிப்பூடும். செவப்ப எடுத்தா உன் மூஞ்சி. அதான் ரெண்டுலயும் ரெண்டையும் வெச்சுட்டேன்."

திருநீறு கொடுக்க வந்தவர் சிரிப்பை அடக்கத் தூண் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படி இறங்கும்போது தையல்நாயகிதான் தீர்ப்புச் சொன்னாள். சாமி இரண்டையும் கொடுத்திருக்கிறார், ஆகவே பாதி விதைப்பு, பாதி தரிசு. ரோட்டுப் பக்கத்துப் பாதிதான் தரிசாக இருக்க வேண்டும் என்றான் ராஜாங்கம். அவள் உடனே சரி என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் சரி என்றதில் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

கிணற்றை ஒட்டிய பின்பாதியில் மல்லாட்டை முளைத்தது. தரிசான முன்பாதியில் பேச்சு மாறாமல் பத்து நாள் கிடை கிடந்தது. பஸ்ஸில் போனவர்களுக்குத் தரிசுதான் தெரிந்தது. தாண்டவராயன் தரிசு போட்டுவிட்டார் என்ற தைரியத்தில், உளுந்து போட இருந்தவர்கள்கூட மல்லாட்டை போட்டார்கள். பங்குனியில் விலை இறங்கியது.

"பாதி வெதைச்சீங்க, பாதி வெல எறங்கிப்பூட்ச்சு" என்று ராஜாங்கம் வந்து நின்றான். தாண்டவராயன் நிஜமாகவே வருத்தப்பட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

தையல்நாயகி கமிட்டிப் பக்கமே போகவில்லை. தினம் நாலு பாத்தி பிடுங்கி, உப்புப் போட்டு அவித்து, கூட்டேரிப்பட்டில் பஸ் நிற்கிற இடத்தில் கூடையோடு உட்கார்ந்தாள். அங்கே அவள் சொன்னதுதான் விலை. தாண்டவராயன் காகிதம் மடித்துக் கொடுத்தார்.

ஒருநாள் சாயங்காலம் ராஜாங்கம் திண்டிவனம் பஸ்ஸிலிருந்து தொங்கிய முகத்தோடு இறங்கினான். பசி போலிருக்கிறது, ஒரு பொட்டலம் வாங்கி உரித்துத் தின்றான்.

"வர்ற வருசம் எந்தப் பக்கம்க்கா தரிசு?"

"பின்பக்கம் தம்பி. முன்பக்கந்தான் நீங்க எருப் போட்டுக் குடுத்திருக்கீங்களே, அதுல வெதைக்கப் போறோம்."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது. அந்த முகத்தைப் பார்க்கத் தாண்டவராயனுக்குப் பொறுக்கவில்லை. மனைவி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, கூடையிலிருந்து இன்னும் ஒரு கை மல்லாட்டையை அள்ளி அவன் காகிதத்தில் போட்டார்.