எட்டு பாரில் நின்ற முள்

கோர் பூன் கியாட் பம்பளிமாஸ் உரித்துக்கொண்டிருந்தார். தடித்த தோலை ஒரே சுருளாக, எங்கும் அறாமல், தட்டில் இறக்கினார். பிறகு சுளைகளைப் பிரித்து, மேலுறையை நீக்கி, ஒரு கையால் எடுத்துச் சாப்பிட வசதியாக அடுக்கினார். முப்பது வருடம் லேத்தில் நின்ற கைகள் அவை, இரும்பை முடி கனத்துக்குச் சீவிப் பழகியவை. உரித்ததில் ஒரு சுளையைக்கூட அவர் வாயில் போட்டுக்கொள்ளவில்லை.

பழம் ரெட்சுவானுக்கு. புக்கிட் மெர்தாஜாம் ஊரில் இருவரும் ஒரே பட்டறையில் வேலை செய்தார்கள். பூன் கியாட் காலை ஷிஃப்ட், ரெட்சுவான் மதிய ஷிஃப்ட், இருவருக்கும் ஒரே லேத். மூன்று வாரத்துக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருந்த ஓர் இரும்புத் தண்டு, அதைக் கவ்விச் சுழற்றும் சக்கின் பிடியிலிருந்து நழுவிப் பறந்து வந்து, ரெட்சுவானின் இடது முன்கையில் இரண்டு எலும்பையும் முறித்துவிட்டது. கைக்கு வெளியே கம்பிச் சட்டம் வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஆறு ஊசிகள் தோலுக்குள் போகும். ஊசி நுழையும் இடங்களைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். அந்த வேலைக்குத்தான் நான் அவன் வீட்டுக்குப் போனேன். மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தாதியை அங்கே மிஸ்ஸி என்பார்கள், அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் நான் மிஸ்ஸி.

பூன் கியாட் ஒரு நாள் தவறாமல் வந்தார். கழிவறைச் சுவரில் கைப்பிடி பொருத்தினார், கூரை ஒழுகலை அடைத்தார், ரெட்சுவானின் மனைவி லிண்டா சொல்வதற்கு முன்பே எரிவாயு உருளையை மாற்றினார். ஆனால் உட்கார மாட்டார். பிரியத்தில் வருகிறவர்கள் உட்காருவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள், தேநீர் தாமதமானால் கேட்டு வாங்குவார்கள். நோயாளி வீடுகளில் நான் பார்த்தது அப்படித்தான். இவர் நான் கட்டைப் பிரிக்கத் தொடங்கியதும் வெளியே போய்விடுவார். அந்தக் கையைத் திறந்த நிலையில் அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"அப்பேக், இன்னைக்குச் சுளை அரை மில்லி தடிமனா இருக்கே. கண்ணு போயிடுச்சா?" என்றான் ரெட்சுவான். வயதான சீனரை அப்படிக் கூப்பிடுவது கேலிதான், ஆனால் அவன் வாயில் அது செல்லம்.

"தின்னுடா. உனக்கு வாய் மட்டும் ஒடையலையே."

அன்று மேசையில் ஒரு காகிதம் இருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்குப் பட்டறை மேலாளர் இயாப் முன்னால் அவன் அதில் கையெழுத்துப் போட வேண்டும். சக்கின் அழுத்தத்தைத் தவறாக வைத்தது நானே, இனி இயந்திரத்தில் நிற்காமல் பெட்டி கட்டும் பிரிவுக்குப் போகச் சம்மதிக்கிறேன் என்று எழுதியிருந்தது.

"நீதானா வச்சே?" என்று கேட்டேன்.

"தெரியலை மிஸ்ஸி. அடிபட்டதுல எல்லாம் குழம்பிப் போச்சு." அவன் வலது கையால் ஒரு சுளையை எடுத்து லேசாக நசுக்கினான். "மெல்லிசு வளையத்த சக்குல இறுக்கிப் பிடிச்சா இப்படித்தான். பிடியில இருக்கிற வரைக்கும் வட்டமாக் கடையலாம். வெளிய எடுத்தா முக்கோணமா நிக்கும். அதனால வளையத்துக்கு அழுத்தம் எட்டு பார்தான் வைப்போம். கனமான தண்டுன்னா இருபத்திநாலு. வேகமாச் சுத்தும்போது சக்கோட தாடை தானாவே வெளிப்பக்கம் விலகப் பாக்கும். எட்டுல வச்சுத் தண்டச் சுத்தினா, பறந்துடும்."

"அழுத்தம் காட்டுற முள்ளைப் பார்க்கலையா?"

"யாரு முள்ளைப் பாக்குறா? எங்க பட்டறையில துணிதான். அழுத்தத்தக் குறைச்சவன் அதைக் கூட்டிக் குறைக்கிற திருகுல சிவப்புத் துணி கட்டுவான். மறுபடி ஏத்தும்போதுதான் அவிழ்ப்பான். வேற எவனும் தொட மாட்டான். நான் வந்தப்போ துணி இல்ல. அதனால தண்ட மாட்டினேன். அப்புறம் முள்ளைப் பாத்தா எட்டுல நிக்குதாம். அப்பேக் ஏத்தி வச்சிட்டேன்னு சொல்லிட்டாரு. அப்போ நான்தானே எதையோ தொட்டிருக்கணும்?"

பூன் கியாட்டின் கையில் ஒரு சுளை உடைந்து சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. சட்டைப் பையிலிருந்து எதையோ உருவித் துடைத்தார். அது எது என்று பார்த்ததும் மறுபடி பைக்குள் திணித்துவிட்டார். சிவப்புத் துணி, ஒரு விரல் அகலம்.

ரெட்சுவான் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

கட்டைப் பிரிக்க ஆரம்பித்தேன், அவர் வெளியே போனார். என் வேலையை அவசரப்படாமல் முடித்தேன். கட்டை இறுக்கினால் விரல் நீலம் பாரிக்கும், தளர்த்தினால் நழுவும். கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தேன். மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றிருந்தார்.

"பையில இருக்கிறது என்ன?" என்றேன்.

அவர் மறைக்கவில்லை. "அன்னைக்கு வியாழக்கிழமை, மிஸ்ஸி. வளையம் முடிஞ்சது. அழுத்தத்த ஏத்தணும்னா முதல்ல துணிய அவிழ்க்கணும், திருகு மேலயே கட்டியிருக்கோமே. அவிழ்த்தேன். அப்போ வாசல்லேர்ந்து கூப்பிட்டானுங்க, டத்தோ கோங்குக்கு நேரமாச்சுன்னு."

பட்டறை வாசலில், இடத்தைக் காக்கும் தெய்வமான டத்தோ கோங்கின் மாடம் இருக்கிறது. வியாழன்தோறும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வெற்றிலையும் பற்ற வைத்த சிகரெட்டும் வைப்பது பூன் கியாட்டின் பொறுப்பு.

"போயிட்டு வந்து ஏத்தலாம்னு நினைச்சேன். சிகரெட் பத்த வச்சு, இங்க வேலை செய்யிற யாருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு நிக்கிறேன், உள்ள சத்தம் கேக்குது."

"அப்புறம்?"

"சூப்பர்வைசர் கேட்டாரு, ஏத்தி வச்சிட்டுத்தானே போனேன்னு. தலைய ஆட்டினேன். ஒரே ஒரு தடவைதான் ஆட்டினேன், மிஸ்ஸி."

அழுவாரோ என்று பார்த்தேன். அழவில்லை. அழுதிருந்தாலும் எனக்கு அடுத்த வீட்டில் வேலை இருந்தது.

"என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? ஒடைஞ்சது என் கையா? உள்ள போங்க. அவன் நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் லேத் அவனுக்குக் கிடையாது."

உள்ளே போனார். துணியை மேசை மேல், அந்தக் காகிதத்தின் பக்கத்தில் வைத்தார். "அவிழ்த்தேன். ஏத்தல," என்றார். ரெட்சுவான் துணியைத் தொட்டுப் பார்த்தான்.

"மூணு வாரமா நான் என்னையே திட்டிக்கிட்டிருக்கேன்," என்றான். "நீ எதிர்ல நின்னு பழம் உரிச்சுக்கிட்டிருந்தே."

"ஆமா."

"தட்ட எடுத்துட்டுப் போ."

பூன் கியாட் தட்டையும் துணியையும் எடுத்துக்கொண்டார். லிண்டா கதவோரம் நின்று, "கழிவறையில மாட்டின கைப்பிடி?" என்று கேட்டாள். "அதையும் கழட்டிட்டுப் போறீங்களா?" யாரும் சிரிக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

மறுநாள் காலை ரெட்சுவானை நான்தான் என் காரில் கூட்டிப்போனேன். கம்பிச் சட்டம் மாட்டிய கையோடு மோட்டார் சைக்கிளில் உட்கார முடியாது. நாங்கள் போனபோது பூன் கியாட் மேலாளர் அறைக்குள் நின்றுகொண்டிருந்தார். துணி மேசை மேல் கிடந்தது.

"இது முடிஞ்ச விஷயம், பூன் கியாட்," என்று இயாப் சொல்லிக்கொண்டிருந்தார். "அறிக்கை மேல போயாச்சு. இப்போ வந்து குழப்பாதே."

"மேல போனது என் பொய். திரும்ப வாங்கிக்குங்க."

"வேலை போனாலும் போகும். போகலைன்னாலும் இனிமே நீ லேத் பக்கமே வர முடியாது, தெரியுமில்ல?"

"தெரியும்."

இயாப் அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பூன் கியாட் பேனாவைக் கேட்டு வாங்கி, ரெட்சுவான் கையோடு கொண்டுவந்திருந்த காகிதத்தை எடுத்து அதன் பின்பக்கத்திலேயே நின்றபடி எழுதினார். துணியை அவிழ்த்தது, ஏற்றாமல் போனது, தலையை ஆட்டியது, மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இயாப் அதை இரண்டு முறை படித்துவிட்டு இழுப்பறையில் வைத்தார். "நீ எதுலயும் கையெழுத்துப் போட வேண்டாம்," என்றார் ரெட்சுவானிடம். "கை ஆறட்டும். லேத்தப் பத்தி அப்புறம் பேசுவோம்."

அன்றைய கட்டை இன்னும் மாற்றவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. பட்டறையின் முதலுதவி அறைக்குப் போனோம். அங்கே இருந்த ஒரே மேசையில் பழைய பெட்டிகள் குவிந்திருந்தன, என் மருந்துத் தட்டை வைக்க இடமில்லை. பூன் கியாட் வாசலில் நின்றார். உள்ளே வருவதா போவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

ரெட்சுவான் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "நீ பிடி."

அவர் தட்டைப் பிடித்தார். நான் கட்டைப் பிரித்தேன். அவர் வெளியே போகவில்லை. ஆறு ஊசிகளையும், தையல் ஓடிய தழும்பையும், வீக்கம் வற்றாத விரல்களையும் பார்த்தார். தட்டில் கத்தரிக்கோல் கலகலத்தது.

"நேராப் பிடி, அப்பேக்," என்றான் ரெட்சுவான்.

இரண்டாவது ஊசியைச் சுற்றி லேசாகச் சிவந்திருந்தது, சீழ் இல்லை. உப்பு நீரில் துடைத்து, புதிய துணி வைத்தேன். பூன் கியாட் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.