மாப்பிள்ளைக்குப் போட்ட இன்சூரன்ஸ்

அழகு நிலையத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தது முதலாளியம்மா. கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் வாயும் சேர்ந்து திறந்துகொள்ளும். வெட்டிய முடி தரையைத் தொடுவதற்குள் ஒரு கதை முடிந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அழகானார்களோ இல்லையோ, சிரித்துக்கொண்டுதான் எழுந்து போவார்கள்.

"இவ கைக்காக வர்றவங்க பாதி, வாய்க்காக வர்றவங்க பாதி" என்பாள் முதலாளியம்மா. சம்பளத்தை உயர்த்தச் சொன்னால் மட்டும் அந்த அம்மாவுக்குக் காது அடைத்துக்கொள்ளும்.

ரேடியோ சொல்லும் கதைகளில் பாதி அவள் வீட்டு மாப்பிள்ளையைப் பற்றியது. மாப்பிள்ளை என்றால் நாய். காலாட்டிக்கொண்டு தின்பதும், மெத்தையில் நடுவாந்திரமாகப் படுப்பதும், ஒரு வேளை சாப்பாடு தாமதமானால் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்த அந்தப் பழுப்புக் குட்டிக்கு வேறென்ன பெயர் வைப்பது?

"பொண்ணே இல்லாத வீட்டுல மாப்பிள்ளையா?" என்று எதிர்வீட்டுக்காரி ஒருமுறை கேட்டுவிட்டாள். ரேடியோவும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு அந்தச் சிரிப்பு என்னவாயிற்று என்பது கதவுக்குத்தான் தெரியும்.

அவள் கணவன் ஒரு காலத்தில் பெயின்டர். உயர்ந்த கட்டடங்களின் வெளிச்சுவரில் சாரம் கட்டி வண்ணம் அடிப்பவன். அன்று சாரத்தில் ஒரு கயிறு நழுவியது. பிழைத்தது புண்ணியம். ஆனால் உடனே செய்திருக்க வேண்டிய ஆபரேஷனுக்குப் பணம் புரளவில்லை. இன்சூரன்ஸ் என்ற சொல்லே அந்த வீட்டுக்குள் அதுவரை நுழைந்ததில்லை. அங்கே இங்கே கைமாற்று வாங்கிக் கொண்டுபோவதற்குள் எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடிவிட்டது. வலது கால் குட்டையாகிப் போனது. இப்போது அவன் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கிறான்.

விழுந்த அந்த ஆண்டு முழுக்க அவன் பகலில் தெருவில் இறங்கவில்லை. தான் நொண்டுவதை ஊர் பார்க்கக் கூடாது. வேலைக்குப் போக, இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்புவான். அவனைப் பகலில் வெளியே இழுத்து வந்தது மாப்பிள்ளைதான். குட்டிக்கு வெளியே போக வேண்டும், யார் கூட்டிப்போவது? முணுமுணுத்துக்கொண்டே கயிற்றைப் பிடித்தான். கொஞ்ச நாளில் ஓர் அதிசயம் நடந்தது. அவனோடு நடக்கும்போது மட்டும் நாயும் வலது முன்காலைத் தூக்கித் தூக்கி வைத்து நொண்ட ஆரம்பித்தது. அவன் சாய்ந்தால் அதுவும் சாயும். கயிற்றை அவிழ்த்துவிட்டால் நான்கு காலில் அம்பாகப் பாயும். திரும்பி அவன் பக்கத்தில் வந்ததும் மறுபடி நொண்டல்!

அதைப் பார்த்துத்தான் ரேடியோ ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த வீட்டில் இன்னொரு கால் கோணக் கூடாது. நாய்க்கு இன்சூரன்ஸ் போட்டாள்.

"எனக்கு இல்லாத இன்சூரன்ஸ் நாய்க்கா?" என்றான் கணவன்.

"உங்களுக்கு இல்லாததாலதான் அதுக்கு."

அவனுடைய பெயரில், அவனுடைய வங்கிக் கணக்கிலிருந்து, மாதாமாதம் தவணை போக ஆரம்பித்தது.

முதல் வருஷம் தவணை குட்டியாக இருந்தது. நாய் வளர்ந்தது, தவணையும் வளர்ந்தது. நாய் ஒரு கட்டத்தில் வளர்வதை நிறுத்திவிட்டது, தவணை நிறுத்தவில்லை. வயதாக வயதாகச் சுமை கூடும் என்று இன்சூரன்ஸ்காரர்கள் சொன்னபோது அவளுக்கு மறுத்துப் பேசவும் தெரியவில்லை. ஆறு வருஷத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. கட்டியதெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம்.

தெருமுனையில் சின்னதாக ஒரு கடை காலியாக இருந்தது. சுவர் நிறையக் கண்ணாடி ஏற்கெனவே இருந்தது, ஒரு நாற்காலி போட்டால் போதும், சொந்தமாகத் தொழில் தொடங்கிவிடலாம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கண்ணாடியில் தன்னை ஒருமுறை பார்த்துக்கொள்வாள். வாடகையை விசாரித்தாள். ஏறக்குறைய மாப்பிள்ளையின் தவணைதான்.

"நிறுத்திடு. நாய் மலிவு, அதுக்குக் கட்டுற பணம்தான் மாளல" என்றான் கணவன்.

"நிறுத்தினா இத்தனை வருஷம் கட்டினது போச்சு. இந்த வயசுல வேற எவனும் இவனைச் சேர்த்துக்கவும் மாட்டான். நிறுத்தின மறுநாளே ஏதாவது வந்துட்டா?"

"அப்ப கட்டிக்கிட்டே இரு."

"கட்டவும் முடியலையே!"

புலி வாலைப் பிடித்தவள் கதை. அந்தக் கடையில் ஒருநாள் செல்போன் ரிப்பேர்க்காரன் வந்து உட்கார்ந்தான். ரேடியோ முதலாளியம்மாவின் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றாள். காலில் நரம்பு சுருண்டு நீலம் பாரித்தது. அதையும் ஒரு கதையாக்கி வாடிக்கையாளர்களைச் சிரிக்க வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சோபாவிலிருந்து குதித்த மாப்பிள்ளை வீல் என்று அலறியது. இடது பின்கால் தரையில் பதியவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முட்டியை அசைத்துப் பார்த்தாள். "முட்டிக்குள்ள இருக்கிற நார் அறுந்திருக்கு. ஆபரேஷன் பண்ணா நடக்கும். தள்ளிப்போட்டா கால் சூம்பிடும்." செலவைச் சொன்னாள். ரேடியோவின் ஒரு வருஷச் சம்பளத்தில் பாதி அது.

ஆனால் ரேடியோ தலை நிமிர்ந்து நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாகப் பணத்தைக் கேட்டு அவள் பயப்படவில்லை. "இன்சூரன்ஸ் இருக்கு டாக்டர்" என்றாள். அந்த மூன்று சொற்களைச் சொல்லத்தான் ஆறு வருஷம் காத்திருந்தாள்!

அழகு நிலையத்தில் ஒருவருக்குத் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கும்போது படிவத்தில் கொடுத்திருந்த அவள் எண்ணுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. தேன் தடவிய இளம்பெண் குரல்.

"மேடம், சில கேள்விகள் மட்டும். நாய்க்கு எப்ப இருந்து நொண்டல்?"

ஞாயிற்றுக்கிழமை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். முடித்தால் அவள் ரேடியோ இல்லையே! எதிரே கண்ணாடியில் வாடிக்கையாளரின் முகம் ஆவலாகக் காத்திருந்தது.

"நொண்டலா? அதை ஏம்மா கேக்கிற! அவன் குட்டியா வந்ததுல இருந்தே நொண்டிதான். எங்க வீட்டுக்காரர் எப்படியோ அப்படியே அவனும்! மாமனாரும் மாப்பிள்ளையும் ஒண்ணா நடந்து வந்தா தெருவே நின்னு பாக்கும், போ!"

நாற்காலியில் இருந்தவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். போனில் இருந்தவள் சிரிக்கவில்லை.

"குட்டியிலிருந்தே நொண்டலா மேடம்?"

"ஆமாம்மா, சின்ன வயசுல இருந்தே."

"நன்றி மேடம்."

இரண்டு நாள் கழித்துக் கணவனின் போனுக்குப் பதில் வந்தது. கோளாறு இன்சூரன்ஸ் எடுப்பதற்கு முன்பே இருந்ததாக உரிமையாளர் வீட்டாரே ஒப்புக்கொண்டதால் பணம் தர இயலாது. அவன் அதை நிதானமாக வாசித்துக் காட்டினான்.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?"

மூலையில் மாப்பிள்ளை காலை நீட்டிப் படுத்திருந்தது. அவள் பார்த்ததும் வாலை மட்டும் தரையில் ஒருமுறை தட்டியது. அந்தச் சத்தம் அவள் நெஞ்சில் விழுந்தது.

டாக்டரம்மாவிடம் ஓடினாள். "இது புதுசா அறுந்ததுன்னு நான் எழுதித் தரேன். ஆனா முன்னாடியே நொண்டிச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே! அது நிஜ நொண்டல் இல்லைன்னு காட்ட ஏதாவது இருக்கா? வீடியோ மாதிரி?"

இருந்தது. ஐயோ, இருந்தது!

சென்ற ஆண்டு அவள் மாடியிலிருந்து எடுத்தது. கணவனும் நாயும் பின்னாலிருந்து தெரிவார்கள். இருவரும் ஒரே தாளத்தில் வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து போவார்கள். திடீரென்று ஒரு பூனை குறுக்கே ஓடும். மாப்பிள்ளை கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு நான்கு காலில் பறக்கும். பூனை மதிலேறித் தப்பியதும் திரும்பி வந்து, அவன் பக்கத்தில் நின்று, கடமை தவறாமல் நொண்டத் தொடங்கும். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் அந்த வீடியோ அவனுக்குத் தெரியாமல் எடுத்தது. தன் நடையை யாரும் பார்க்கக் கூடாதென்று ஓராண்டு இருட்டில் ஒளிந்திருந்தவன் அவன். கல்யாண வீடுகளில்கூட உட்கார்ந்த பிறகுதான் போட்டோ எடுக்க விடுவான். அவன் நடையை அவள் அழகு நிலையத்தில் வருவோர் போவோருக்கெல்லாம் காட்டிச் சிரிக்க வைத்திருந்தாள். அனுப்பலாம் என்றால் எல்லாம் அவன் பெயரில், அவன் போனிலிருந்துதான் போக வேண்டும். காட்டாவிட்டால் நாயின் கால் போகும், காட்டினால் புருஷனின் மனசு போகும். மத்தளத்துக்காவது அடி விழும்போது சத்தம் போட வாயிருக்கிறது.

சாயங்காலம் அவன் கூண்டிலிருந்து வந்து முகம் கழுவினான். அவள் துண்டை நீட்டினாள். பிறகு போனை நீட்டினாள்.

"என்னங்க... இதைப் பார்த்துட்டு என்ன வேணும்னாலும் திட்டுங்க."

அவன் பார்த்தான். படம் அவள் நினைத்ததைவிடச் சின்னது. ஆனால் அழகு நிலையத்தில் சத்தத்தை அணைத்துவிட்டுத் தானே கதை சொல்லிக் காட்டியதில், அதில் ஒரு குரல் இருந்ததை அவள் மறந்தே போயிருந்தாள். அவளுடைய குரல்தான். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு, "பாரு பாரு, மாமனாரும் மாப்பிள்ளையும்! ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல!" என்றது.

படம் முடிந்தது. அவன் மறுபடி போட்டான். மூன்றாவது முறையும் போட்டான்.

"எத்தனை பேர் பார்த்தாங்க?"

அவள் கண்ணீர் பதில் சொன்னது.

"நான் இப்படித்தான் நடக்கிறேனா?" என்று தனக்குள் கேட்பதுபோல் கேட்டான். பிறகு, "என் போனுக்கு அனுப்பு" என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

டாக்டரம்மாவின் கடிதமும் அந்த வீடியோவும் போயின. கம்பெனி முனகிக்கொண்டே இறங்கி வந்தது. செலவில் பெரும்பங்கைக் கொடுத்தது. ஆபரேஷன் நடந்தது. தையலை நக்காமலிருக்க மாப்பிள்ளை கழுத்தில் கூம்பு மாட்டிக்கொண்டு ராஜா மாதிரி வீட்டுக்கு வந்தது. பின்னாலேயே அடுத்த வருஷத் தவணைக்கான அறிவிப்பும் வந்தது. செலவைக் கேட்டு வாங்கியதால் தவணையை ஒரேயடியாகத் தூக்கியிருந்தார்கள். இனி இந்தக் காலை வேறு எந்தக் கம்பெனியும் தொடாது. நாய் இருக்கும்வரை தவணை, தவணை இருக்கும்வரை முதலாளியம்மாவின் நாற்காலி.

வீட்டிலோ, அவன் அவளோடு பேசுவதைச் சுருக்கிக்கொண்டான். சோறு, தண்ணீர், சாவி. மூன்று சொல்லில் குடித்தனம் நடந்தது.

"போட்டது நல்லதாப் போச்சுல்ல அக்கா?" என்று பூனை வளர்க்கும் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். "நானும் என் பூனைக்குப் போடலாமா?"

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்தாள், ரேடியோ யோசித்துப் பேசுவதை அவள் பார்த்ததே இல்லை.

"போடணும்னா குட்டியா இருக்கும்போதே போடு. போட்டா விட முடியாதும்மா, அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போடு. இல்லைன்னா அந்தப் பணத்தை மாசாமாசம் தனியா எடுத்து வை. நம்ம கை அதைத் தொடாம இருக்குமான்னா... என் கை இருக்காது." கத்தரிக்கோல் மறுபடி நகர்ந்தது. "அவங்க போன் பண்ணா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

தையல் பிரித்த பிறகு மாப்பிள்ளையை மெல்ல நடக்கவிடச் சொல்லியிருந்தாள் டாக்டரம்மா. அன்று காலை கணவன் தானாகவே கயிற்றை எடுத்தான். ரேடியோ மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கீழே இருவரும் தெருவில் இறங்கினார்கள். நாய் இப்போது நிஜமாகவே நொண்டியது, இடது பின்காலில். அவன் வலப்பக்கம் சாய, அது இடப்பக்கம் சாய்ந்தது. தாளம் சேரவே இல்லை. நாலடி போனதும் அவன் நின்றான். நாயின் காலைப் பார்த்தான். பிறகு அடியைச் சின்னதாக்கி, அது ஊன்றும்போது தானும் ஊன்றி, அதன் தாளத்துக்கு நடக்க ஆரம்பித்தான்.

தெருமுனையில், பழைய கண்ணாடிக் கடை அருகே, திரும்பி மாடியை அண்ணாந்து பார்த்தான்.

"என்ன, இன்னிக்கு எடுக்கலையா?"

அது கோபமா, மன்னிப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஈரத்துணியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பதில் நாக்கு நுனி வரை வந்தது. ரேடியோ அதை விழுங்கிவிட்டு, தலையை மட்டும் இல்லை என்று அசைத்தாள்.

அவன் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். நாய் கயிற்றை இழுத்தது. இருவரும் திரும்பி நடந்தார்கள்.