வாசல் வரைக்கும் ஜல்லி

என் அக்காவின் கணவர் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் மனதுக்குள் ஓட்டிக்கொண்டேதான் இருக்கிறார். நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் வலப்பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்ப்பார். கடையில் வரிசையில் நின்றால் முன்னால் இருப்பவரை ஒட்டி நிற்கமாட்டார். கேட்டால், "பிரேக் பிடிக்க இடம் வேணாமா?" என்பார். இந்த மனிதரை நல்லவர் என்பதா, கிறுக்கு என்பதா என்று எனக்கு ரொம்ப நாள் குழப்பமாக இருந்தது. இரண்டும்தான் என்று இப்போது அடித்துச் சொல்வேன்.

எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'செக்கிங்'. டிக்கெட் பரிசோதகர் மாதிரி எதிர்பாராத இடத்தில் ஏறிக் குற்றம் கண்டுபிடிக்கிறேனாம். நான் தையல் கடை வைத்திருப்பவள். கோணலைக் கோணல் என்று சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த வீட்டில் என் கண்ணை உறுத்தியது ஒன்றுதான், கேட்டிலிருந்து வாசலுக்குப் போகும் பாதை.

வீடு மெயின் ரோட்டிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. கேட்டைத் திறந்தால் வெறும் மண். அது ஒரு பெரிய பாறையைச் சுற்றி வளைந்து, துணிக்கொடியைத் தாண்டி, வாசற்படிக்கு வந்து சேரும். மழை பெய்தால் செருப்பு அங்கேயே தங்கிவிடும், கால் மட்டும் வீட்டுக்கு வரும். "ஜல்லி போட்டுடறேன்" என்று அத்தான் சொல்ல ஆரம்பித்தபோது அவர் பையன் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது. மழையில் கேட்டால் மழை விடட்டும் என்பார். வெயிலில் கேட்டால், இப்போது நன்றாகத்தானே இருக்கிறது என்பார். அவர் வேலையில் இருந்த காலத்தில் ஒருநாள் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"பகல் பூரா ரோட்டு மேலயே இருந்துட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தும் ரோடாம்மா?" என்றார்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் செல்லம் கொடுத்துத்தான் அவரைக் கெடுத்தாள் என்பது என் கட்சி.

போன மழையில், கொடியில் இருந்த துணியை எடுக்க ஓடிய அக்கா அந்தச் சேற்றில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் டிரைவர் கேட்டுக்குள் வரமாட்டேன் என்றார், சக்கரம் புதைந்துவிடும் என்று. அவரைச் சொல்லி என்ன பயன்? ஸ்ட்ரெச்சரை நாலு பேர் சேற்றில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஒரு மூலையைப் பிடித்திருந்தவர் அத்தான். அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை, ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படித் திட்டுவது?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனி பல மாதம் வாக்கரைப் பிடித்துத்தான் நடக்க வேண்டும், வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றார்கள். வேறு ஊரில் வேலை பார்க்கும் பையன் லீவு போட்டுவிட்டு வந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் பேச்சை எடுத்தான்.

"அம்மா என்கூட வரட்டும்பா. லிஃப்ட் இருக்கு. கார் வாசல்லயே நிக்கும். இந்த வீட்டுல மறுபடியும் விழுந்தாங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

"நானு?"

"ஹால்ல ஒரு கட்டில்தான்பா போட முடியும். நீங்க அப்பப்ப வந்து பாத்துட்டுப் போங்க."

பையன் தப்பாகப் பேசவில்லை. அவன் பயம் அவனுக்கு. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து, ராத்திரி டியூட்டி தவிர, அக்காவும் அத்தானும் பிரிந்து இருந்ததே இல்லை. அவள் இல்லாவிட்டால் அந்த மனிதருக்குத் தன் சட்டை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

அத்தான் சுவரைப் பார்த்தபடி கேட்டார். "டிஸ்சார்ஜ் பண்றதுக்குள்ள கார் வாசல் வரைக்கும் வந்துட்டா?"

"வந்துட்டா அம்மா இங்கயே இருக்கட்டும். நான் குறுக்க நிக்கமாட்டேன்" என்றான் பையன். இத்தனை வருஷம் நடக்காதது இப்போதா நடக்கப்போகிறது என்ற தைரியம் அவனுக்கு.

மறுநாளே அத்தான் ஜல்லிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நானும் போனேன். போகாமல் இருப்பேனா? ஜல்லிக்காரர் பாதையை நடந்து பார்த்துவிட்டுக் கல்லின் விலையைச் சொன்னார். அத்தான் முகம் மலர்ந்தது. பிறகு லாரி வாடகை, மண் தோண்டும் பொக்லைனுக்கு மணிக்கூலி, ரோலர் வாடகை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அத்தான் பாறை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கல்லு மலிவுதாங்க. அதைக் கொண்டாந்து கெட்டியா உக்கார வைக்கத்தான் செலவு" என்றார் ஜல்லிக்காரர்.

"மேலாப்புல அப்படியே கொட்டிட்டா?" என்று அத்தான் ஆசையோடு கேட்டார்.

"அடுத்த மழையில கல்லு பூரா சேத்துக்குள்ள போயிடும். பணத்தைப் புதைச்ச மாதிரி."

தனக்கென்று ஒரு பழைய கார் வாங்க வேண்டும், அதில் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்ட வேண்டும் என்று அத்தான் சேர்த்து வைத்திருந்தது எனக்குத் தெரியும். அந்தப் பணம்தான் ஜல்லிக்குப் போனது. கார் இல்லாத வீட்டுக்குக் கார் பாதை. நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை. எனக்கும் நல்ல புத்தி உண்டு.

ஜல்லிக்காரர் ஒரு கார் போகும் அகலத்துக்கு அளந்து ஓரங்களில் கட்டை அடித்தார். அதை வைத்து எத்தனை லோடு என்று கணக்குப் போட்டார். பொக்லைன் வந்து மேல்மண்ணை வழித்தது. களிமண்ணும் கல்லும் கலக்காமல் இருக்க நடுவில் முரட்டுத் துணி விரித்தார்கள். அதன் மேல் கைமுட்டி அளவு கல், அதற்கு மேல் சின்ன ஜல்லி, கடைசியில் கல்தூள் கலந்த பொடி ஜல்லி. ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினார்கள். தண்ணீர் நிற்காமல் வழிய நடுப்பாகம் கொஞ்சம் மேடாக இருக்க வேண்டும். அத்தான் தரையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடி, அந்த மேட்டைப் பார்த்தார். அவரோடு வருஷக்கணக்காக ஒரே பஸ்ஸில் போன கண்டக்டர் தினமும் வந்துவிடுவார். ரோலர் முன்னால் போகும்போதெல்லாம் "போலாம் ரைட்" என்று குரல் கொடுப்பது தவிர அவர் செய்த வேலை ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள் காலையில் கடைசி லோடு வந்தது. பரப்பிக்கொண்டே போனார்கள். துணிக்கொடியோடு கல் தீர்ந்துவிட்டது. அங்கிருந்து வாசற்படி வரை மண்.

"கணக்கு எப்படிங்க தப்பும்?" என்று ஜல்லிக்காரர் தலையைச் சொறிந்தார். அவர் லாரிகள் வேறு வேலைக்குப் போய்விட்டன. இன்னொரு லோடு வர நாலு நாள் ஆகும். ரோலரும் கிளம்பிவிட்டது.

நான் கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு பாறை வளைவுக்குப் போனேன். மற்ற இடத்தைப்போல அங்கே இரண்டு மடங்கு அகலம். ஒரு கல்யாணப் பந்தலே போடலாம்.

"அத்தான், இங்க கட்டை நகர்ந்திருக்கே."

அவர் வானத்தைப் பார்த்தார்.

"தானா நகர்ந்துச்சா, நீங்க நகர்த்தினீங்களா?"

"பின் சக்கரம் உள்ள இழுக்கும்மா. வளைவுல இடம் விடலேன்னா பாறையில உரசிடும்."

"எதோட பின் சக்கரம்?"

அவர் பாறையையும் வளைவையும் மாறி மாறிப் பார்த்தார். "பஸ்ஸோட" என்றார் மெதுவாக.

கண்டக்டர் சிரிக்க ஆரம்பித்துப் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்கு அவளைக் கூட்டிட்டுப் போயிடுவான்" என்றார். அதோடு எங்கள் சிரிப்பு நின்றது.

"சும்மா கிடக்குற வளைவை வெட்டி வாசல்ல போடுங்க. கடப்பாரை இருக்குல்ல?" என்றேன்.

ரோலர் போட்ட கல் லேசில் பெயருமா? கான்கிரீட் மாதிரி இறுகிப் போயிருந்தது. அத்தான் குத்தினார், கண்டக்டர் அள்ளினார், நான் தள்ளுவண்டியில் கொட்டிக்கொண்டு போனேன். தையல் மெஷினைத் தவிர எதையும் மிதிக்காத கால் என்னுடையது. விரிக்கத் துணி மிச்சமில்லை, வீட்டில் இருந்த பழைய சாக்கையெல்லாம் விரித்து மேலே கல்லைப் பரப்பினோம். ரோலருக்குப் பதில் மூன்று பேரும் சேர்ந்து மிதித்தோம். பொழுது சாயும்போது வாசற்படி வரை ஜல்லி இருந்தது. அது எப்படிப்பட்ட ஜல்லி என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

மறுநாள் அத்தான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். வாசலில் நின்றார். நான் பையனின் காரில் அக்காவோடு பின் சீட்டில் இருந்தேன். கேட்டைத் தாண்டியதும் சக்கரத்துக்கு அடியில் கல் நறநறவென்று பேசியது. பையன் ஆச்சரியத்தோடு கண்ணாடியில் என்னைப் பார்த்தான். வளைவை வெண்ணெய் மாதிரி கடந்தான். துணிக்கொடி வந்ததும் நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கார் முனகிக்கொண்டு முன்னேறியது. படிக்கு நேராக வந்ததும் பின் சக்கரம் வெறுமனே சுற்றியது, கல்லை வாரி இறைத்தது, பாதி வரை உள்ளே போய் நின்றுவிட்டது.

பையன் இறங்கிப் பார்த்தான். "பாத்தீங்களாப்பா? மாட்டிக்கிச்சு."

அத்தான் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் இறங்கிவிட்டது. "ஆமாப்பா. என்னால முடியல. நீ அம்மாவைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

"எதுல கூட்டிட்டுப் போவான்?" என்றாள் அக்கா காருக்குள்ளிருந்து.

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"கார் வாசல் வரைக்கும் வரணும்னுதானேடா சொன்னே? வந்துருச்சு. திரும்பிப் போறதப் பத்தி யார் பேசினா?"

பையன் என்னென்னவோ சொல்ல வந்தான். லிஃப்ட் என்றான், வாக்கர் என்றான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கும் கண்ணு. ஆனா அங்க உங்கப்பா இருக்கமாட்டாரே" என்றாள்.

பிறகு கதவைத் திறந்து கையை நீட்டினாள். அத்தான் வந்து பிடித்துக்கொண்டார். அவர் கை முழுக்கக் கொப்புளம். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள், தடவினாள். அவர் அழுதுவிட்டார், பையன் பார்க்கிறானே என்றுகூட இல்லாமல். நானும்தான். பையன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு, "அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போங்க. கடப்பாரை எங்கப்பா இருக்கு?" என்றான்.