பந்தலில் செத்த கொடிகள்

கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷன் உருத்திரமூர்த்தியைப் போன்ற ஒரு வெற்றுப் பெருமைக்காரரை நான் கண்டதில்லை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். பிரெஞ்சுத் திராட்சைக் கன்றுகளை நட்டார். "மூன்று தலைமுறை வைன் பரம்பரை" என்று வாசலில் பலகை தொங்கவிட்டார். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்தில் பழம் விற்றவர். வைனை மோந்துகூடப் பார்த்ததில்லை. மகனுக்கோ ஒரு மிடறு இறங்கினாலே முகம் கோணிவிடும்.

உழைத்தவள் மனைவி பாலாம்பிகை. பிஸ்கற் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு, இருநூறு கன்றுகளையும் பெறாத பிள்ளைகளாக வளர்த்தாள். முதல் போத்தலைத் தன் கையால் நிரப்ப வேண்டும். பாவம், அது ஒன்றுதான் அவள் ஆசை.

இந்த நாட்டில் இந்தக் கொடிகளைத் தாழ்வாக வளர்த்து, மண் உறையுமுன் நிலத்தில் படுக்கவைத்து மூடுவார்கள். இவரோ யாழ்ப்பாண வழக்கப்படி ஆளுயரப் பந்தலில் ஏற்றினார். இரண்டாம் ஆண்டு ஐப்பசியில் பாலாம்பிகை கெஞ்சினாள்.

"இஞ்சேருங்கோ, கொடியளை இறக்கி மண்ணுக்குள்ள தாட்டுவிடுவம். பனி வரப்போகுது."

"உமக்கென்ன விசரோ? தீபாவளிக்குக் கோயில் சபை ஆக்கள் வருகினம். பந்தலுக்குக் கீழ நிண்டு படம் எடுக்கவேணும். எங்கட முந்திரிகைக் கொடியள் நிலத்தில கிடந்து உருளுறதோ?"

"இது உங்கட அப்பாவின்ர வளவில்லை, கனடா!"

"பேந்து பாப்பம்," என்று அவர் பேச்சைத் தள்ளிப்போட்டார்.

தீபாவளியன்று காய்ந்த இலைகளுக்குக் கீழே சபையார் நடுங்கியபடி நின்றார்கள். "கெதியா எடுங்கோ அண்ணை, விறைக்குது!" உருத்திரமூர்த்தி பல்லைக் காட்டினார். அதே நேரம் கொட்டிலுக்குப் பின்னால் பாலாம்பிகை கடைசி வரிசையின் இருபது கொடிகளை அவிழ்த்து, விரல் வெடிக்க வெடிக்கப் புதைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் நிலம் கல்லாகிவிட்டது.

வசந்தம் வந்தது. பந்தல் கொடிகள் தொட்டால் முறிந்தன. புதைத்த வரிசையில் மட்டும் பச்சை மொட்டு. அவள் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள்.

பார்க்க வந்த சபையாரிடம் அந்த மனிதர் கூசாமல் சொன்னார்:

"இது என்ர பரிசோதனை. கொஞ்சம் பந்தல், கொஞ்சம் மண். பழைய உலகமும் புது உலகமும்!"

பாலாம்பிகை எழுந்தாள்.

"தாட்டது நான். நீங்கள் அண்டைக்கு இளிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். இந்த இருவது கொடியும் என்ர முதல் போத்தலுக்குக் காணும். நீங்கள் போய்ச் செத்ததுகளை வெட்டுங்கோ."

யாரோ சிரித்தார்கள். உருத்திரமூர்த்தி மரம் அறுக்கும் வாளை எடுத்தார். எந்தப் பக்கம் பிடிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அவள் தன் இருபது கொடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.