ஒலிவ் இல்லாமல் நடந்த தவம் அண்ணா

தவம் அண்ணா போய்விட்டார்.

நேற்றுக் காலை, நோத்ர-டாம்-த-கிரேஸில் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகும்போது... கார் மோதி. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

புவாண்ட்-கிளேரில் எங்கள் ஆபீஸில் கஸ்டமர்களோடு போனில் பேசுவதுதான் அவருக்கும் எனக்கும் வேலை. பக்கத்துப் பக்கத்து மேசை. சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போனவர். அவர் யாழ்ப்பாணம், நான் சென்னை. என் பெயரைச் சொன்னதே இல்லை, எப்போதும் "தங்கச்சி"தான்.

அவர் காலடியில் ஒலிவ் படுத்திருப்பாள். கறுப்பு லாப்ரடார். கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டப் பயிற்சி கொடுத்த நாய்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஸ்ஸில் அவளைப் பார்த்ததும் தடவக் கையை நீட்டினேன்.

"தங்கச்சி, தொடாதையுங்கோ. அவ இப்ப வேலையில நிக்கிறா. ஹார்னஸைக் கழட்டின பிறகு வடிவாக் கொஞ்சுங்கோ."

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவள் தலை திரும்பியது, முதுகில் மாட்டிய அந்த ஹார்னஸ் வாரின் கைப்பிடியில் தெரிந்ததாம்.

இன்னொரு நாள் ஷெர்ப்ரூக் தெருவைக் கடக்க நின்றோம். அண்ணா காது கொடுத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. "அவான்ஸ்" என்றார், போ என்று. அவளுக்குக் கட்டளை எல்லாம் பிரெஞ்சில்தான்.

ஒலிவ் அசையவில்லை. மறுபடியும் அதட்டினார். அவள் அவருக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். அடுத்த நொடி ஒரு எலெக்ட்ரிக் கார் சத்தமே இல்லாமல் எங்கள் மூக்கை உரசுகிற மாதிரி திரும்பிப் போனது. கண் இருக்கும் நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்...

"பாத்தீங்களே? சொல்லுக் கேக்க மட்டுமில்லை, நான் பிழையாச் சொன்னாக் கேளாமல் நிக்கவும் பழக்கியிருக்கினம். எங்கட சொந்தக்காரருக்கு இதை ஆரும் பழக்கேல்லை."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் போனைப் பைக்குள் போட்டேன்.

போன குளிர்காலத்தில் அவருடைய அம்மாவின் திவசம் வந்தது. அண்ணாவும் அவருடைய அக்காவும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். நானும் போயிருந்தேன்.

அக்கா படையலைக் காகத்துக்கு வைக்க பால்கனிக்குப் போனார். வெளியே பனிப்புயல். காகம் எங்கே வரும்? கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இலையோடு திரும்பி வந்தார். படையல் அப்படியே இருக்க நாம் எப்படிச் சாப்பிடுவது என்று அவருக்குத் தவிப்பு.

அண்ணா முன் அறையில் ஐயரோடு பேசிக்கொண்டிருந்தார். ஒலிவ் ஹார்னஸ் இல்லாமல் சமையலறை வாசலில் படுத்திருந்தாள். ஹார்னஸைக் கழற்றிவிட்டால் அவளும் வீட்டுப் பிள்ளைதானே.

"வைரவற்ற வாகனமெல்லோ. காகம் வராட்டி இவ சாப்பிடட்டும்" என்று அக்கா இலையை அவள் முன்னால் வைத்தார். கோயிலுக்குள் அவளை விடவில்லை என்ற வருத்தம் அக்காவுக்கு எப்போதும் உண்டு. அன்று அவ்வளவு ஆசையாகத் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அம்மாவுக்குப் பிடிக்கும் என்று படையல் பாயாசத்தில் உலர்திராட்சையை அள்ளிப் போட்டிருந்தார். உலர்திராட்சை நாய்க்கு விஷமாகலாம், சிறுநீரகம் செயலிழக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அண்ணாவுக்குத் தெரியும். அவர் முன் அறையில் இருந்தார்.

மிருக டாக்டரால் காப்பாற்ற முடியவில்லை.

அண்ணா அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அம்மாவுக்கெண்டு குடுத்தது தங்கச்சி. நான் என்னத்தைச் சொல்ல?" என்றார். திரும்ப வேலைக்கு வந்த பிறகும் போன் பேசும்போது இடது கை தானாக மேசைக்குக் கீழே போய்த் தேடும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

நாய்க்குப் பயிற்சி கொடுத்த இடத்தில் அடுத்த நாய்க்குக் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தார். வெள்ளைத் தடியோடு நடந்தார்.

"நான் வந்து கூட்டிட்டுப் போகவா அண்ணா?" என்று கேட்டுப் பார்த்தேன். அக்கா தினமும் கேட்டிருக்கிறார்.

"வேண்டாம் தங்கச்சி. ஒலிவோட நான் போனனான். ஆராவது கையைப் பிடிச்சால் என்னைக் கொண்டு போகினம். ரெண்டும் வேற."

இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பனி வாரும் வண்டி போன பிறகு தெருமுனை எல்லாம் ஒரு மேடு. நடைபாதை எது, ரோடு எது என்று தடியால் கண்டுபிடிக்க முடியாது. நேற்று அந்த மேட்டைச் சுற்றி வந்தவர் நடுரோட்டுக்குப் போய்விட்டார். கார் ஓட்டி வந்த பெண் இறங்கி அவர் பக்கத்தில் பனியிலேயே உட்கார்ந்து அழுதாளாம்.

எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார் மேல் காட்டுவது?

இதைப் பொதுவில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை அக்காதான் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எழுதுங்கோ பிள்ளை. நான் குடுத்ததையும் எழுதுங்கோ. இன்னொரு வீட்டில இப்பிடி நடக்கப்படாது."

அதனால்... வழிகாட்டி நாய்களுக்கு அன்பாகக்கூட எதையும் ஊட்டாதீர்கள். ஹார்னஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கூட இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அக்காவை யாரும் எதுவும் சொல்லாதீர்கள். அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதே போதும்.

நான் அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது அடுப்பு பற்றவைக்காமலே கிடந்தது. "எட்டாம் நாள் அவனுக்குப் படைக்க வேணும். நான் இனிப் படையலுக்குச் சமைக்க மாட்டன் பிள்ளை. நீங்கள் வந்து சமையுங்கோ" என்றார் அக்கா. சரி என்றேன்.

அண்ணா, உங்கள் ஊர்ச் சமையல் எனக்கு வராது. தெரிந்ததைச் செய்கிறேன். அக்கா செய்ததாகவே நினைத்துச் சாப்பிடுங்கள்.