பெர்னிஸ் ஹைக்கிலா போட்ட கோடு

பெர்னிஸ் ஹைக்கிலாவைப் பற்றி எழுத இந்தக் கரையில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன்தான் நான். ஆனால் அவள் குடும்பத்தில் ஓடிய பனிவண்டி ஒவ்வொன்றும் என் கடையில் வாங்கியது, என் கையால் பழுது பார்த்தது. வட மிச்சிகனில் தூங்குகிற கரடியை எழுப்பிக் கேட்டாலும் உர்ஹோ ஹைட்டலாவின் கடைக்கு வழி சொல்லும்.

அவள் மரம் வெட்டுகிறவரின் மகள். பாதி ஆயுளைப் பள்ளிப் பேருந்து ஓட்டியே கழித்தாள். அந்தப் பேருந்தில் வாலாட்டிப் பிழைத்த பிள்ளை கிடையாது. டேரல் ட்ரூடெல் ஆட்டிப் பார்த்தான். ஒரு குளிர்காலம் முழுக்க அவளுக்குப் பின்னால் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தான். அவன்தான் இன்று எங்கள் பனிவண்டிக் கழகத்தின் துணைத் தலைவர்.

கணவர் லெனார்ட் போய்ச் சேர்ந்த பிறகு பெர்னிஸ் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஏரியைப் பார்த்த சமையலறைச் சுவரை அறுத்து ஒரு ஜன்னல் வைத்தாள். அதன் வழியே பாஸ்டி விற்றாள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் வைத்து மடித்துச் சுட்ட பாஸ்டி, கையுறையோடு பிடித்துத் தின்னலாம். கோடையில் அந்த ஜன்னலுக்குக் கொசுதான் வரும். குளிர்காலத்தில் ஏரியின் வளைகுடா உறைந்ததும் வண்டி வண்டியாக ஆள் வரும்.

எல்லாரும் கோட்டைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஐஸில் துளை போட்டு, ஒரு ஃபிர் மரக் கன்றை அதில் நட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டால் காலையில் அங்கேயே முளைத்ததுபோல நிற்கும். இப்படி எங்கள் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரைவரை நட்டுக்கொண்டே போவதுதான் கோடு. பனிக்காற்று அடிக்கும்போது தன் வண்டியின் மூக்கே தெரியாது; மரத்தைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். புது ஐஸில் முதல் மரம் நடுகிறவருக்கே அந்த வருஷக் கோடு சொந்தம் என்பது கழகத்தின் சட்டம். அவர் விரும்பிய இடத்தில் கரையேற்றலாம். லெனார்ட் ஏற்றினார், பிறகு பெர்னிஸ் ஏற்றினாள், இருவருமே எதிர்க்கரையில் இருக்கும் தங்கள் வீட்டு வாசலில். கோடு எங்கே ஏறுகிறதோ அங்கேதான் பசி இறங்கும்.

போன வருஷம் டேரலின் மச்சான் எதிர்க்கரையின் தெற்கு மூலையில் பர்கரோடு ஒரு மதுக்கடை திறந்தான். தொல்லை அங்கே ஆரம்பித்தது.

ஏப்ரலில் என் கடையில் சந்தைக்கூச்சலாக இருக்கும். பள்ளத்தில் பழைய பனி கிடக்கும்போதே வரப்போகும் குளிர்காலத்துக்கான வண்டியைத் தேர்ந்தெடுத்து முன்பணம் கட்டிவிட வேண்டும். காப்பியும், அதில் தோய்த்துத் தின்ன இலவங்கப்பட்டை ரஸ்கும் என் செலவு. வேறு எந்த டீலர் கொடுக்கிறான்?

"பதினெட்டாயிரம் டாலரா? என் மொத வீட்டையே அதுக்குக் கம்மியா வாங்கினேன்யா!" என்றார் ஒருவர்.

"அந்த வீடு மணிக்கு நூறு மைல் ஓடுமா?" என்றேன்.

டேரல் திரை இல்லாத சாதாரண மாடலில் பெரிய ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் கேட்டான். "கனமா இருந்தா என்ன? மெத்தையில உக்காந்த மாதிரி போகும்."

"ஆளுக்கேத்த கனம்," என்றாள் பெர்னிஸ்.

கடையே சிரித்தது. டேரலுக்குக் காது சிவந்தது. அவள் கையிலிருந்த வண்டிப் படப் புத்தகத்தை எட்டிப் பார்த்தான். "தொடுதிரை வண்டியா? உங்களுக்கு எதுக்குக்கா அது? மீட்டர் முள்ளு எங்க நிக்குதுன்னு பாக்கவே கண்ணாடி தேடுவீங்க."

அவள் ரஸ்கைக் கீழே வைத்தாள். "உர்ஹோ, இருக்கறதுலயே பெரிய திரை எது?"

"பெர்னிஸ், சும்மா ரோஷத்துல..."

"எழுதுய்யா."

எழுதினேன். அதோடு விட்டாளா? ஜூனில் விஸ்கான்சின்காரன் ஒருவன் நல்ல விலை சொன்னான் என்று, இனி உலகத்தில் பனியே பெய்யாது என்பதுபோல, பழைய வண்டியைத் தள்ளிவிட்டாள். கோடை வெயிலில் எங்கள் ஆட்களுக்கு வருகிற புத்தி அது.

நவம்பரில் லாரி வந்தது. சாதாரண மாடல் எல்லாம் இறங்கின, டேரலுடையதும்தான். திரை வைத்த வண்டிகள் முழுசாகக் கட்டி முடித்து, திரை மட்டும் வராமல், தொழிற்சாலை முற்றத்தில் வரிசையாக நின்றன. நான் போனில் போட்ட சத்தத்துக்கு எந்த மனிதனும் நடுங்கியிருப்பான். போனை எடுத்த தொழிற்சாலைப் பெண் நடுங்கவில்லை. "ஜனவரி, சார்," என்றாள்.

"ஜனவரியா? அதுவரைக்கும் ஐஸ் எனக்காகக் காத்திருக்குமா?" என்றாள் பெர்னிஸ்.

"திரை இல்லாமலே அனுப்பச் சொன்னேன். திரை இல்லாம வண்டி கிளம்பாதாம்."

"டிவி இல்லாம கிளம்பாத வண்டியையா என் தலையில கட்டின?"

"நீதானே..."

"பேசாத."

வேறு வண்டி கொடுக்க என்னிடமும் இல்லை. திரை வண்டிகள் வராததால் ஊரே பழையதை அள்ளிக்கொண்டு போயிருந்தது. அந்த நேரம் பார்த்து டேரல் எண்ணெய் வாங்க வந்தான்.

"கவலைய விடுங்கக்கா. இந்த வருஷம் கோட்ட நான் போட்டுடறேன். தெக்கு மூலையில ஏத்திட்டா எல்லாருக்கும் வசதி."

"எல்லாருக்கும்னா உன் மச்சானுக்கா?"

"அவனும் ஊர்ல ஒருத்தன்தானே."

குளிர்காலத்தில் விற்கிற பாஸ்டிதான் பெர்னிஸுக்கு வருஷம் முழுக்கச் சோறு. அவன் போனதும் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கூரையில் நான்கு சங்கிலிகளில் தொங்கியது என் முதல் வண்டி. மஞ்சள் நிறம், ஒற்றை விளக்கு. குப்பைமேட்டில் கிடந்ததை இழுத்து வந்து, ஒவ்வொரு திருகாகக் கழற்றி மாட்டி ஓட வைத்தேன். இந்தக் கடை, இந்தப் பெயர், எல்லாம் அதிலிருந்து பிறந்தவை. துடைப்பதற்குக்கூட வேறு ஆளை விடமாட்டேன்.

"அத இறக்கு," என்றாள்.

"அது வண்டி இல்ல பெர்னிஸ். அது என் சரித்திரம்."

"சரித்திரத்துல இன்ஜின் இருக்கா?"

"இருக்காவா? நான் கட்டின இன்ஜின்! இன்னிக்கு இழுத்தாலும் ஓடும்!"

"அப்ப இறக்கு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இறக்கினேன். கார்புரேட்டரைக் கழுவி, புது பெல்ட் போட்டேன். அவள் காலை ஊன்றி இழுகயிற்றை இழுத்தாள். இருமியது. மறுபடி இழுத்தாள். இருக்கையிலிருந்து செத்த ஈக்கள் பறக்க, கடை நிறையப் புகை கக்கிக்கொண்டு உறுமியது. பொய் சொல்ல மாட்டேன், கண் கலங்கியது புகையால் மட்டுமல்ல.

டிசம்பரில் வளைகுடா உறைந்தது. பெர்னிஸ் தினமும் மிதக்கும் உடுப்பு மாட்டிக்கொண்டு, கோலால் தட்டித் தட்டி நடந்து, துளை போட்டுக் கனம் பார்த்தாள். சனிக்கிழமை கிளம்புவதாக டேரல் மதுக்கடையில் சொல்லிவைத்திருந்தான். வியாழன் காலையில் ஐஸ் கறுத்து, கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. அவள் கன்றுகளை இழுவைப் பலகையில் கட்டினாள், கயிற்றை இழுத்தாள், போய்விட்டாள்.

செய்தி கேட்டு டேரல் புது வண்டியில் பறந்து வந்தான். கரையில் நான் மட்டும் நின்றிருந்தேன். முதல் மரம் ஏற்கெனவே நின்றது.

"பெரியவரே, போறாங்க!"

"போறா."

"ஐஸ் தாங்குதா?"

"அவளுக்குத் தாங்குது. என் வண்டி எடை உன் மெத்தையில பாதிகூட இல்ல. உனக்கு இன்னும் ரெண்டு நாள் குளிரணும், தம்பி."

நம்பாமல் வண்டியின் மூக்கை ஐஸில் ஏற்றினான். கரையிலிருந்து நடு ஏரிவரை படாரென்று ஒரு சத்தம் ஓடியது. ஏறிய வேகத்திலேயே பின்னால் வந்தான். அதற்குப் பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, மரம் ஒவ்வொன்றாக முளைப்பதை வேடிக்கை பார்த்தோம். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி மரம் அவள் ஜன்னலுக்கு நேரே போய் நின்றது.

அடுத்த வாரக் கடைசியில் பனி கொட்டியது, ஜன்னலில் கூட்டம் நெரிந்தது. வரிசையில் டேரலும் நின்றான். பெர்னிஸ் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கெட்சப்பா, கிரேவியா?"

"கிரேவி."

"வாங்கிட்டு முன்னால இருக்கற பெஞ்சுல போய் உக்காரு. என் கண்ணு முன்னால."

உட்கார்ந்தான்.

ஜனவரியில் அவளுடைய திரை வண்டியும் வந்தது. நன்றாகத்தான் ஓடுகிறது. மஞ்சள் வண்டியைக் கேட்டால், "அடுத்த மொத ஐஸுக்கு வேணுமே," என்கிறாள். கூரையில் சங்கிலிகள் சும்மா தொங்குகின்றன. கேட்கிறவர்களிடம் என் சரித்திரம் வேலைக்குப் போயிருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்த ஏப்ரலிலும் கடையில் சந்தைக்கூச்சல்தான். எல்லாரும் விலைக்கு மல்லுக்கட்டினார்கள், எப்போது வரும் என்று என் கழுத்தைப் பிடித்தார்கள். டேரல் மட்டும் விலையும் கேட்கவில்லை, தேதியும் கேட்கவில்லை. புதுப் படப் புத்தகத்தைப் புரட்டி, குரலைத் தாழ்த்தி, என் காதருகே கேட்டான்: "பெரியவரே, இதுலயே எடை கம்மியானது எது?"

மூலையில் பெர்னிஸ் ரஸ்கைக் காப்பியில் தோய்த்துக்கொண்டிருந்தாள். காது கேட்காதவள்போல.