ஈசானிய மூலைத் தூண்

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். "நம்ம வீட்டு கடிகாரத்தையே பக்கத்து வீட்ல போய் மணி கேட்டுட்டுத்தான் இவ நம்புவா" என்று என் கணவர் கேலி செய்வார். செய்யட்டும். அரசுக் கட்டடங்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற பொறியாளருக்கு நம்பிக்கை ஆகாது.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஓர் அங்கன்வாடிக்குப் புதுக் கட்டடம். மதிப்பீட்டைவிட ரொம்பக் குறைந்த தொகைக்கு அந்த ஊர்க்காரர் ஒருவரே வேலையை எடுத்திருந்தார். வேங்கிக்கால் அலுவலகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம், அரசாங்கத்துக்கு மிச்சமாம். சிமென்டும் கம்பியும் எல்லோருக்கும் ஒரே விலைதானே, இவருக்கு மட்டும் யார் கம்மியாகக் கொடுக்கிறார்கள்? சோழியன் குடுமி சும்மா ஆடாது.

கூரை போட்டு முடிந்தபின் சோதிக்கப் போனேன். தூணில் வைத்து அழுத்தினால் கான்கிரீட்டின் உறுதியை எண்ணாகக் காட்டும் சுத்தியல் ஒன்று எங்களிடம் உண்டு. அங்கன்வாடி டீச்சரும் வந்து நின்றார். ஒழுகுகிற வாடகை அறையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர். "மழைக்கு முன்னாடி குடுத்துடுவீங்கல்லங்க?" என்று கேட்டார்.

ஒப்பந்தக்காரர் முந்திக்கொண்டார். "மேடம், ஈசானியத்துலேர்ந்து ஆரம்பிங்க. நல்லதாச்சே."

எங்கள் பக்கம் எந்தக் கட்டட வேலையும் ஈசானியத்தில், வடகிழக்கு மூலையில்தான் தொடங்கும். பூசை அங்கே, முதல் தூணும் அங்கே. மஞ்சளும் குங்குமமும் அப்பிய அந்தத் தூணில்தான் சோதிக்க வருகிறவர்களும் முதலில் சுத்தியலை வைப்பார்கள். அன்றும் எண் அருமையாக வந்தது. உடனே இளநீர் வெட்டச் சொல்லிவிட்டார் மனிதர். வேலை முடியுமுன்னே என்ன இளநீர்? மலையைச் சுற்றி எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம் கும்பிடுகிற ஊர்க்காரி நான். ஒரே மூலைக்கு மட்டும் ஏன் இத்தனை மரியாதை என்று உறுத்தியது.

நேரே எதிர்மூலைக்கு, நிருதிக்குப் போனேன்.

"அங்க எதுக்குங்க மேடம்? எல்லாம் ஒரே கலவைதான்."

"ஒரே கலவைன்னா ஒரே நம்பர் வரணும்ல" என்றேன்.

வரவில்லை. மற்ற தூண்களிலும் வரவில்லை. ஓரிடத்தில் வண்டிச் சாவியால் கீறிப் பார்த்தேன், மணல் உதிர்ந்தது. படுபாவி, சோதனைக்கு வருகிற தூணுக்கு மட்டும் சிமென்டைப் போட்டிருக்கிறான்.

"இடிக்கணும்" என்றேன்.

அவர் அசரவில்லை. "இடிச்சா இந்த மழைக்கு பில்டிங் கிடையாதுங்க. டீச்சரையே கேளுங்க."

பிள்ளைகளைக் காட்டி என்னை மடக்கப் பார்க்கிறார். டீச்சர் மீதும் எனக்குச் சந்தேகம் வந்தது. இருவரும் பேசிவைத்திருப்பார்களோ? எப்படியாவது கட்டடம் கைக்கு வந்தால் போதும் என்றுதான் இவரும் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

டீச்சர் அந்த மஞ்சள் பூசிய தூணைத் தொட்டுப் பார்த்தார். "இது ஒண்ணுதான் கெட்டிங்களா மேடம்?"

ஆமாம் என்றேன்.

அவர் ஒப்பந்தக்காரர் பக்கம் திரும்பினார். குரல் உயரவே இல்லை.

"உங்க பேத்தியும் எங்கிட்டதானே வர்றா. அவள இந்தத் தூணாண்ட உக்கார வெச்சிக்கிறேன். மத்த பிள்ளைங்கள எங்கங்க உக்கார வெக்கறது?"